கேட்போரற்ற களத்தில் கம்பன்: பாலக்காட்டுத் தோல்பாவைக்கூத்தை உரைமரபாகக் காணல்

முன்னுரை

கம்பராமாயணம் ஆண்டுதோறும் வேனிற்பருவத்தில் இருவேறு களங்களில் ஓதப்பெறுகின்றது. ஒன்று, சா. கணேசன் 1939-இல் தோற்றுவித்த காரைக்குடிக் கம்பன் கழகம் பங்குனித் திங்களில் எடுக்கும் விழா. மற்றொன்று, கேரளத்தில் பாலக்காடு, திருச்சூர், மலப்புறம் மாவட்டங்களின் பகவதி கோயில்களில் மகரம் முதல் மேடம் வரையுள்ள திங்கள்களில் நிகழும் தோல்பாவைக்கூத்து. முன்னதில் அரங்கு நிறைந்த அவை உண்டு. அறிஞர் பேச, ஊர் கேட்கும். பின்னதில் இரவு முழுதும் கம்பன் பாடல்கள் ஒலிக்கும். திரைக்கு முன்னுள்ள வெளி பெரும்பாலும் வெறுமையாகக் கிடக்கும்.

தமிழாய்வு முன்னதை இலக்கிய நிகழ்வாகவும் பின்னதை நாட்டார் கலையாகவும் பிரித்து வைத்துள்ளது. இப்பகுப்பு பொருந்துமா என்பதே இக்கட்டுரையின் வினா. பாலக்காட்டுக் கூத்தைப் பாவைகளின் ஆட்டமாக மட்டும் காண்பது அதன் பாதியையே காண்பதாகும் என்பதும், அது கம்பனுக்கு வழங்கிவரும் வாய்மொழி உரைமரபுகளுள் ஒன்று என்பதும் இவண் நிறுவ முயலும் கருத்துகளாம்.

வேனிலும் கூத்துமாடமும்

மகரக் கொய்த்து முடிந்து வயல் வறண்டபின் பாரதப்புழைக் கரையூர்களில் வேலைகளும் பூரங்களும் தொடங்குகின்றன. உழவு ஓய்ந்த இந்நாள்களே ஊர் ஒன்றுகூடும் நாள்கள். கூத்து இத்திருவிழாக் கட்டமைப்பின் உள்ளுறுப்பு. கோயிலுக்கு எதிரே, அம்மன் சன்னிதியை நோக்கியவாறு, கூத்துமாடம் என்னும் நிலையான கட்டடம் அமைந்திருக்கும். அதன் திரை நாற்பத்திரண்டு அடி நீளமுடையது. திரைக்குப் பின்னே தேங்காய் மூடிகளில் 21 விளக்குகள் வரிசையாக எரியும். கோயில் விளக்கிலிருந்து கொணர்ந்த சுடரே அவற்றை ஏற்றும். கூத்து ஏழு, பதினான்கு, இருபத்தொன்று, நாற்பத்தொன்று, எழுபத்தொன்று என ஊரின் வழக்கத்திற்கும் வசதிக்கும் ஏற்ப இரவுகளாக நீளும். இராமன் முடிசூட்டோடு நிறைவுறும்.

இக்கூத்தின் தோற்றத்திற்கு வழங்கும் கதை குறிப்பிடத்தக்கது. பத்திரகாளி தாரிகனோடு பொருதுகொண்டிருந்தமையால் இராம-இராவணப் போரைக் காணும் வாய்ப்பை இழந்தாள். அவள் கண்டு மகிழவே ஆண்டுதோறும் இக்கூத்து நடத்தப்பெறுகிறது என்பர். எனவே கூத்தின் முதற் காண்போள் அம்மனே. ஊரார் வழிபாட்டுக் காசு கொடுத்துத் தம் பெயர் சொல்லி வாழ்த்தப்பெறுவர். விளக்குக்கு எண்ணெய் அளிப்பர். பூர நாளன்று பெருந்திரளாகக் கூடுவர். கூத்திரவுகளில் விழித்திருந்து கேட்கும் கடமை அவர்க்கு இல்லை.

தமிழகத்தில் ஊர் ஊராகச் சென்று கட்டணம் பெற்று நிகழ்த்தப்பட்டுவந்த தோல்பாவைக்கூத்தினின்று இது பெரிதும் வேறுபட்டது. அங்குக் காண்போர் நகைக்காவிடில் கலைஞர்க்குப் பிழைப்பில்லை. பெயர் ஒன்றாயிருப்பினும் இரண்டையும் ஒரே வகையில் அடக்குதல் மயக்கத்திற்கே வழிவகுக்கும்.

கேட்போர் யார்?

இக்கூத்தை விரிவாக ஆராய்ந்தவருள் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் முதன்மையானவர். 1996-இல் வெளிவந்த அவரது நூல் திரைக்கு முன்னின்று அன்றிக் கூத்துமாடத்தின் உள்ளிருந்து கூத்தை நோக்கியது. புறத்தே கேட்போர் இல்லாமையால் கூத்து உள்நோக்கித் திரும்பியது. புலவர்களே ஒருவர்க்கொருவர் கேட்போராயினர். அதனாலேயே பாடலைவிட உரையாடல் பெருகிற்று என்பது அவர் கண்ட முடிபு. கூத்தின் உயிர் உரையாடலில் உள்ளது என்று காட்டியமை அவர் ஆய்வின் பெரும்பயன்.

ஆயினும் அம்முடிபில் ஓர் இடைவெளி உண்டு. கேட்போர் இன்மையை ஒரு குறையாகவும், உரையாடலை அக்குறையின் விளைவாகவும் கொள்ளுதல், கூத்தை அரங்கக் கலை என்னும் அளவுகோலால் அளப்பதனால் நேர்வது. தமிழ் உரைமரபின் பக்கம் நின்று நோக்கின் இவ்வின்மை வியப்பன்று. இறையனார் அகப்பொருளுரை, நக்கீரர் தொடங்கி நீலகண்டனார் வரை பத்துத் தலைமுறை வாய்மொழியாக வந்தது என அவ்வுரையே கூறுகிறது. அவ்வுரையின் நடையோ வினாவும் விடையுமாக அமைந்தது. ஒருவர் வினவ மற்றவர் விடுக்கும் அம்முறை அவைக்காக ஏற்பட்டதன்று. கற்போரும் கற்பிப்போரும் பொருளைக் காத்துக் கைமாற்றுவதற்காக ஏற்பட்டது. மடங்களில் பாடம் கேட்டலும் இவ்வகையினதே.

கூத்துமாடத்தில் நிகழ்வதும் இதுவே. புலவர் ஒருவர் விருத்தத்தைப் பாடுவார். பின்னர்த் தமிழும் மலையாளமும் கலந்த நடையில் அதன் பொருளை விரிப்பார். உடனிருப்பவர் ஐயம் எழுப்புவார். முன்னவர் இலக்கணமும் வடமொழிச் சுலோகமும் கிளைக்கதையும் காட்டி விடை தருவார். பாவைகள் இந்நேரமெல்லாம் திரையில் ஏறத்தாழ அசையாது நிற்கும். காட்சிக்கலையாக நோக்குவார்க்கு இது தேக்கம். உரையாக நோக்குவார்க்கு இதுவே நிகழ்வு. இக்கலைஞர்க்குப் 'புலவர்' என்னும் பட்டம் வழங்குவதும் இதற்கு இயைந்ததே.

கூத்தைத் தோற்றுவித்தவராகச் சொல்லப்படும் சின்னத்தம்பிப் புலவர் பற்றிய செவிவழிச் செய்தியும் இங்கு நினையத்தக்கது. அந்தணர் நடத்திய இராமாயண விரிவுரையில் இடம் மறுக்கப்பட்டவர் அவர் என்றும், அதனால் அனைவர்க்கும் உரியதாகக் கூத்தை அமைத்தார் என்றும் அச்செய்தி கூறும். இதனை வரலாறாகக் கொள்ள இயலாது. ஆயின் கூத்து தன்னை எதற்கு மாற்றாக எண்ணிக்கொள்கிறது என்பதை அது உணர்த்துகிறது. அது மாற்றாக எழுந்தது மற்றொரு நாடகத்திற்கு அன்று, ஒரு விரிவுரைக்கே.

சம்புகுமாரன்: உரை காப்பியத்தை வினவும் இடம்

கூத்துமரபு கம்பனை அப்படியே ஒப்பித்துச் செல்வதன்று என்பதற்குச் சம்புகுமாரன் நிகழ்ச்சி சிறந்த சான்று. கம்பனின் ஆரணிய காண்டத்தில் சூர்ப்பணகை இராமன்மீது கொண்ட காமத்தால் கதைக்குள் வருகிறாள், உறுப்பிழந்து மீள்கிறாள். கூத்திலோ அதற்கு முன்பே ஓர் இறப்பு நிகழ்ந்துவிடுகிறது. பஞ்சவடியில் தவத்திலிருந்த அவள் மகன் சம்புகுமாரன் இலக்குவன் கையால், அவன் அறியாமலே, மடிகிறான். இந்நிகழ்ச்சி கம்பனில் இல்லை, வான்மீகத்திலும் இல்லை. இதனையொத்த கதை விமலசூரியின் பிராகிருத 'பௌமசரிய'த்தில் உண்டு. சமண இராமாயணங்களோடு இம்மரபுக்குள்ள உறவு தனியே ஆராய்தற்குரியது.

இச்சேர்க்கையால் விளையும் பொருள் மாற்றம் பெரிது. காமுற்ற அரக்கியாக அறியப்பட்டவள் மகனை இழந்த தாயாகவும் ஆகிறாள். போரின் வேர் அவளது இழிவில் மட்டுமன்றி, இராமன் பக்கத்தில் நேர்ந்த ஒரு பிழையிலும் இருக்கிறது. இதன்பின் கம்பனின் சூர்ப்பணகைப் படலப் பாடல்களைப் புலவர் பாடும்போது சொற்கள் பெரும்பாலும் கம்பனுடையனவே. அவற்றைச் சூழ்ந்த நியாயம் வேறாகிவிடுகிறது. பாடலைப் பெரிதும் மாற்றாது அதன் பொருட்சூழலை மாற்றுதல் உரையாசிரியர் அறிந்த வழியே.

பதிப்பு மரபு இத்தகைய பகுதிகளை எவ்வாறு கொள்ளும்? கம்பராமாயணப் பதிப்பாசிரியர்கள் ஏட்டுப் பாடவேறுபாடுகளை ஒப்பிட்டு, ஐயத்திற்குரிய செய்யுள்களை 'மிகைப்பாடல்கள்' எனத் தனியே ஒதுக்கினர். கவிச்சக்கரவர்த்தியின் வாக்கைத் தேறுதற்கு அது இன்றியமையாத பணி. ஆனால் 'மிகை' என்னும் சொல் பதிப்பு நோக்கில் பொருந்துமேயன்றி, ஒரு நூல் மக்களிடையே வாழ்ந்த வரலாற்றை நோக்குவார்க்குப் பொருந்தாது. தமிழகத்துக்கு வெளியே, தமிழைத் தாய்மொழியாகக் கொள்ளாத ஊர்களில், தலைமுறை தலைமுறையாகக் கம்பன் எவ்வாறு பொருள்கொள்ளப்பட்டான் என்பதற்கு அம்மிகையே முதன்மைச் சான்று.

ஒன்று சொல்லுதல் வேண்டும். கூத்துரைகள் யாவும் ஒரே தரத்தன அல்ல. மனப்பாடமாக ஒப்பிக்கப்படுவனவும், பாடலை விட்டு நெடுந்தொலைவு விலகுவனவும் உண்டு. இதனால் அவற்றின் உரைத்தன்மை கெடாது. எழுத்துரைகளிலும் இக்குறைகளைக் காண்கிறோம்.

மேடைச் சுருக்கமும் உரை இழப்பும்

கூத்தைக் கோயில்வெளியினின்று பொதுமேடைக்குக் கொணர்ந்தவருள் கூனத்தறை கிருஷ்ணன்குட்டிப் புலவர் தலையானவர். அவர் மகன் இராமச்சந்திரப் புலவர்க்கு 2021-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. காந்தியின் வாழ்வு முதலிய புதுப்பொருள்கள் பாவையாட்டமாயின, பெண்களும் பாவையெடுத்தனர். இவ்விரிவின்றி இக்கலை இன்றுவரை நிலைத்திருக்குமா என்பது ஐயமே. ஆதலின் மேடைக்கூத்தைக் குறைகூறல் நேர்மையன்று.

ஆயின் எது காக்கப்படுகிறது, எது விடப்படுகிறது என்பதைத் திறனாய்வு சொல்லியாக வேண்டும். பல இரவுக் கூத்து ஒரு மணி நேரத்திற்குச் சுருங்கும்போது முதலில் வெட்டுண்பது உரை. நின்ற பாவை இயங்கத் தொடங்குகிறது. நீண்ட வினாவிடை மறைகிறது. மொழியறியாத அவைக்கு நிழலும் ஒளியும் போதும். விருத்தம் பின்னணி இசையாகிவிடும். பாவையும் திரையும் அருங்காட்சியகத்திலும் காக்கப்படலாம். விருத்தத்தைப் பிரித்துப் பொருள்சொல்லும் திறன், அதைக் கேட்டு மறுவினா தொடுக்கும் மற்றொருவர் இருக்கும்வரையே நிற்கும். கோயிற்கூத்தின் நீண்ட இரவுகள் அத்திறனைப் பயிற்றும் பள்ளியாகவும் இருந்துவருகின்றன. இரவுகள் குறையுந்தோறும் பயில்வார்க்குரிய காலமும் குறைகிறது.

முடிவுரை

பாலக்காட்டுக் கூத்தில் ஊர் கேளாதிருப்பினும் ஊரே அதனை நடத்துகிறது; கேட்டல் கூத்துமாடத்தின் உள்ளே நிகழ்கிறது. இவ்விரண்டையும் சேர்த்து நோக்கினாலன்றி அதன் இயல்பு விளங்காது. அதனை வாய்மொழி உரைமரபாக ஏற்பின் தமிழ்த்துறைகளுக்குச் சில கடமைகள் எழுகின்றன. பாவையாட்டத்தைப் படம்பிடிப்பதோடு அமையாது, ஒரு படலத்திற்கேனும் முழு உரையையும் பல புலவர் வாய்மொழியாகப் பதிவுசெய்து ஒப்பிடல் வேண்டும். புலவர்தம் ஆடற்பற்று ஏடுகளைக் கம்பன் பதிப்புகளின் பாடவேறுபாடுகளோடு வைத்து நோக்கல் வேண்டும். இப்பணி தமிழும் மலையாளமும் அறிந்தார் கூடிச் செய்தற்குரியது. கேரளத்திலும் தமிழகத்திலும் உள்ள துறைகள் இணைந்தாலன்றி முற்றுப்பெறாது. கம்பனுக்கு உரைகண்டோர் வரிசையில் கூத்துமாடத்துப் புலவர்க்கும் இடமளித்தபின்னரே அவ்வரிசை நிறைவுடையதாகும்.