உதிரிபாகமும் கைப்பாகமும்

காரைக்காலில் பழைய புல்லட் வைத்திருப்பவனுக்கு முதல் எதிரி கடற்காற்று. ராத்திரி துடைத்து நிறுத்திய வண்டியின் ஸ்போக்கில் காலையில் விரலை வைத்தால் பிசுபிசுக்கும். ஐப்பசி அடைமழையில் நாலு நாள் வெளியே கிடந்தால் போதும், மட்கார்டு ஓரத்தில் செம்புள்ளி கிளம்பிவிடும். இரண்டாவது எதிரி இந்தத் தரை. திருநள்ளாறு போனாலும் திருமலைராயன்பட்டினம் போனாலும் வயல், வாய்க்கால், பாலம். மேடென்று சொல்ல ஆற்றுக் கரையைத்தான் காட்ட வேண்டும். ஏற்றமே இல்லாத ஊரில் இன்ஜினின் நோய் வெளியே தெரியாது. கொல்லிமலையின் 70 கொண்டைஊசி வளைவுகளில் பாதியைக் கடக்கும்போதுதான் கிளட்ச் தேய்ந்திருப்பதும் பிஸ்டன் ரிங் தளர்ந்திருப்பதும் நமக்குத் தெரியவரும்.

இதே கடற்காற்று எதிர்க்கரையிலும் அடிக்கிறது. காரைக்காலில் இருந்து சுமார் 20 கிலோமீட்டரில் நாகப்பட்டினம். அங்கிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்குக் கப்பலில் சில மணி நேரம். 2023 அக்டோபர் 14 அன்று தொடங்கிய அந்தச் சேவை, இடையிடையே நின்றாலும் மறுபடி ஓடுகிறது. யாழ்ப்பாணத்திலும் பழைய மோட்டார் சைக்கிளைக் கண்ணாகப் பார்த்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். உப்பும் வெயிலும் மழையும் இரண்டு பக்கமும் ஒன்றுதான். ஆனாலும் வண்டியை வாழவைக்கும் வழி இரண்டு பக்கமும் வேறு. நம்மிடம் உதிரிபாகம் இருக்கிறது. அவர்களிடம் கைப்பாகம் இருக்கிறது. இந்த ஒரு வித்தியாசத்தில் இருந்துதான் மற்றதெல்லாம் கிளைக்கிறது.

தாய்வீடு உள்ள வண்டி

இந்தியாவில் பழைய வண்டி என்றதும் முதலில் நிற்பது புல்லட். இந்திய ராணுவம் அதைத் தேர்ந்தெடுத்தது. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்து ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் தொழிற்சாலை வந்தது. சில ஆண்டுகளில் வார்ப்புகளும் கருவிகளும் இங்கேயே வந்துவிட்டன. இங்கிலாந்துத் தாய்க் கம்பெனி 1970 வாக்கில் மூடப்பட்டபோதும் திருவொற்றியூர் ஓடிக்கொண்டிருந்தது. 70 மில்லிமீட்டர் போர், 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், 346 சிசி என்ற அதே வார்ப்பிரும்பு இன்ஜின் அரை நூற்றாண்டுக்கு மேல் பெரிய மாற்றமில்லாமல் வெளிவந்தது. 2010 வாக்கில்தான் அது விடைபெற்றது.

இதனால் அப்பா வாங்கிய வண்டிக்கு மகன் காலத்திலும் சாமான் கிடைக்கிறது. சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் புதுசு வாங்கலாம், புதுப்பேட்டையில் பழசு தேடலாம். டெல்லி கரோல் பாக் போனால் வண்டியையே துண்டு துண்டாக வாங்கிக் கட்டிவிடலாம். மைசூர் ஐடியல் ஜாவா கதை வேறு. 1961இல் தொடங்கி, ஜாவாவும் பிறகு எஸ்டியும் போட்ட அந்தத் தொழிற்சாலை 1996இல் மூடியது. அதே ஆண்டோடு யமஹா ஆர்எக்ஸ் 100ம் நின்றது. இன்று ஆர்எக்ஸுக்குப் பையன்கள் கொடுக்கும் விலையைக் கேட்டால் அதை அன்று விற்றவர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள்.

சாமான் கிடைப்பது வரம்தான். ஆனால் அதற்கு ஒரு விலை இருக்கிறது. ஜெட்டில் தூசி அடைத்திருந்தால் கார்புரேட்டரையே மாற்றிவிடும் கடைகள் பெருகிவிட்டன. என் வண்டியை ஒருமுறை வெளியூர்ப் பட்டறை ஒன்றில் விட்டேன். பாயின்ட் இடைவெளி கூடியிருந்ததற்குக் காயிலையும் கண்டென்சரையும் மாற்றிப் பில் போட்டார்கள். வண்டி அப்படியேதான் இருமியது.

ஊர் திரும்பியதும் எங்கள் மெக்கானிக் பாயிடம் தள்ளிக்கொண்டு போனேன். அவர் சட்டைப் பையில் இருந்து யாரோ கொடுத்த விசிட்டிங் கார்டை எடுத்தார். பாயின்ட் முழுதாகத் திறந்திருக்கும் நிலையில் அதை நடுவே நுழைத்தார். புத்தகக் கணக்குப்படி அந்த இடைவெளி 0.35இல் இருந்து 0.40 மில்லிமீட்டர், அட்டையின் கனமும் ஏறக்குறைய அதுதான். பிறகு டேப்பட் மூடியைக் கழற்றினார். "இன்ஜின் ஆறியிருக்கணும் தம்பி. புஷ்ராடை ரெண்டு விரலால உருட்டிப் பாருங்க. சுத்தணும், ஆனா மேலயும் கீழயும் ஆடக் கூடாது" என்றார். உருட்டிப் பார்த்தேன். அதன்பின் சாவியைத் திருப்பி, ஆம்பியர் மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெல்ல அழுத்தி, டீகம்ப்ரஷரைப் பிடித்து ஒரு நூல் தாண்டவிட்டு, பிடியை விட்டு உதைத்தார். ஒரே உதையில் அந்தப் பழைய தாளம் வந்துவிட்டது. செலவு தேநீர்க் காசு. இந்தக் கைப்பாகம் நம் பக்கத்திலும் இல்லாமல் போகவில்லை. அவருக்கு அறுபது தாண்டிவிட்டது, பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ளும் பையன்தான் இல்லை.

தாய்வீடு இல்லாத வண்டி

இலங்கைக்குத் திருவொற்றியூர் கிடையாது. பிரிட்டிஷ் காலத்தில் பிஎஸ்ஏ, ட்ரையம்ப், நார்ட்டன் வந்தன. பிறகு ஜப்பான் வண்டிகள் அலையலையாக இறங்கின. யாழ்ப்பாணத்தில் ஹொண்டா சி 50, சி 90, எம்டி 90 எல்லாம் வீட்டுப் பெயர்கள். எம்டி 90 ஜப்பானில் தபால்காரர் ஓட்டிய வண்டி. அங்கே ஓடிக் களைத்து, இங்கே இரண்டாம் பிறவி எடுத்தது. வண்டி வந்ததே தவிர, அதற்கான சாமான் தொடர்ந்து வரவில்லை. கொழும்பு பஞ்சிகாவத்தையின் பழைய சாமான் கடைகளில் கிடைத்தால் உண்டு. இல்லையென்றால் லேத்தில் கடைந்துகொள்ள வேண்டும்.

இந்தக் கட்டாயம் உச்சத்துக்குப் போனது 1990க்குப் பிறகு. உள்நாட்டுப் போரின்போது வடக்குக்குப் பெற்றோல் போவது தடைசெய்யப்பட்டது. குடாநாட்டுக்காரர்கள் வண்டியை ஓரம் கட்டவில்லை, மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். மண்ணெண்ணெய் குளிர்ந்த இன்ஜினில் ஆவியாகாது, அதனால் பற்றாது. சின்னப் பிளாஸ்டிக் போத்தலில் பொக்கிஷம்போல் வைத்திருந்த பெற்றோலில் சில துளியைக் கார்புரேட்டர் வாயில் பீச்சி உதைப்பார்கள். இன்ஜின் சூடேறியதும் மண்ணெண்ணெய் எடுத்துக்கொள்ளும். வெள்ளைப் புகை கக்கிக்கொண்டு வண்டி கிளம்பும். மொரிஸ் மைனரும் ஒஸ்ரின் ஏ 40ம்கூட இப்படித்தான் ஓடின. அமுக்க விகிதம் குறைந்த அந்தக் காலத்து இன்ஜின்கள் இதைத் தாங்கின. இன்றைய வண்டி தாங்காது.

இப்படி ஓட்டினால் பிளக்கில் கரி ஏறும், எரியாத எண்ணெய் கீழே வடிந்து இன்ஜின் ஒயிலைத் தண்ணியாக்கும். ஆகவே பிளக்கைச் சுரண்டுவதும் ஒயிலை மாற்றுவதும் பல் துலக்குவதுபோல் ஆனது. வாத்தியாரும் டொக்டரும் பாதி மெக்கானிக் ஆனார்கள். அந்தக் காலத்தைக் கடந்து இந்தப் பக்கம் வந்து குடியேறிய பெரியவர் ஒருவர் என் புல்லட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நாங்கள் சாமான் தேடித் திரியேல்லை தம்பி, செய்தனாங்கள்." சக்கரத்தை அவர் 'சில்லு' என்றார். பட்டறையைக் 'கராஜ்' என்றார். வால்வு வழிகாட்டியைப் பித்தளையில் கடைந்த கதையை அவர் சொன்னபோது அவர் விரல்கள் அந்த அளவைக் காற்றில் பிடித்துக் காட்டின.

போர் முடிந்தும் சோதனை முடியவில்லை. 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பிப்ரவரியில்தான் முழுதாகத் திறந்தது. இடையில் 2022 எரிபொருள் நெருக்கடி. கியூஆர் அட்டை முறை தொடங்கியபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர். நான்கு லீற்றரில் ஒரு வாரம் ஓட்ட வேண்டுமானால் கார்புரேட்டர் ஒழுங்காக இருந்தே ஆக வேண்டும். பழுதுபார்ப்பு அவர்களுக்கு ஒருபோதும் பொழுதுபோக்காக இருந்ததில்லை.

இதிலும் குறை உண்டு. ஒரு வண்டியின் கார்புரேட்டர், இன்னொன்றின் போர்க், மூன்றாவதின் டாங்க் என்று ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டு, எது எந்த வண்டி என்றே தெரியாத நிலைக்குச் சில வண்டிகள் வந்துவிட்டன. இன்ஜினில் செய்யும் சமாளிப்பைப் பிரேக்கில் செய்தால் உயிருக்கு ஆபத்து. கைப்பாகத்துக்கும் எல்லை இருக்கிறது.

ஏட்டில் உள்ள வயது

சட்டம் வண்டியின் வயதைப் பார்க்கும் விதமும் வேறு. இந்தியாவில் இரு சக்கர வண்டிப் பதிவு 15 ஆண்டு செல்லும். பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறை வண்டியைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். 300 ரூபாயாக இருந்த அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 1,000 ரூபாய் ஆனது. 50 வயது தாண்டிய வண்டிகளுக்காக 2021இல் தனி விதி வந்தது. அசல் வடிவம் மாறாத வண்டிக்கு 'விஏ' வரிசை எண், 20,000 ரூபாய் கட்டணம், பத்தாண்டுச் செல்லுபடி. ஆனால் அந்த எண் வாங்கியபின் வண்டியை அன்றாடம் ஓட்ட முடியாது. கண்காட்சி, பழைய வண்டிப் பேரணி, பராமரிப்பு போன்ற சில காரணங்களுக்கு மட்டும் சாலையில் இறக்கலாம். வண்டிக்குப் பொன்னாடை போர்த்தி வீட்டில் உட்காரவைப்பது போல.

இலங்கையில் பதிவுக்கு வயது முடிவதில்லை. ஆண்டுதோறும் புகைச் சோதனையில் தேறி, வருமான அனுமதிப்பத்திரம் எடுத்தால் வண்டி ஓடலாம். அதனால் அங்கே பழைய வண்டி இன்னும் மீன் வாங்கப் போகிறது, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் இறக்குகிறது. எண் தட்டுக்கும் ஒரு சரித்திரம் உண்டு. சிங்கள 'ஸ்ரீ' எழுத்துத் தட்டை இன்று பழைய வண்டிப் பிரியர்கள் பெருமையாக வைத்திருக்கிறார்கள். அதே எழுத்தின்மேல்தான் 1958இல் தமிழரசுக் கட்சிக்காரர்கள் எதிர்ப்பாகத் தார் பூசினார்கள்.

சேர்ந்து ஓடுவது

பேரணி என்று வரும்போது இந்தியாவில் வண்டியின் பெயர்தான் கொடி. புல்லட்காரர்கள் நவம்பரில் கோவாவில் கூடுகிறார்கள். ரைடர் மேனியா என்று இருந்தது 2023 முதல் மோட்டோவெர்ஸ் ஆகிவிட்டது. ஜாவா, எஸ்டி பிரியர்களுக்கு ஜூலை இரண்டாம் ஞாயிறு திருவிழா. தூரம்தான் நம்மவர்களின் பெருமை. லடாக் போய்வந்த ஸ்டிக்கர் இல்லாத புல்லட்டை இப்போது தேடவேண்டியிருக்கிறது.

இலங்கையில் வடமுனைக்கும் தென்முனைக்கும் நேர்க்கோட்டில் சுமார் 430 கிலோமீட்டர்தான். அதிவேகப் பாதைகளில் மோட்டார் சைக்கிளுக்கு அனுமதியும் இல்லை. ஆகவே அங்கே பெருமை ஏற்றத்தில் இருக்கிறது. 1,868 மீட்டர் உயரத்து நுவரெலியாவில் ஏப்ரல் வசந்த காலத்தில் நடக்கும் மகாகஸ்தோட்ட மலையேற்றப் போட்டி 1934இல் தொடங்கியது. தியத்தலாவ ஃபொக்ஸ் ஹில், அநுராதபுரம் கஜபா போன்ற பெரிய பந்தயங்களை ராணுவத்தினர் நடத்துகிறார்கள். காலையில் கடலோரத்தில் கிளம்பி மதியம் தேயிலை மலையில் நிற்கலாம். மேலே காற்று மெலிவதால் கலவையில் பெற்றோல் மிகுந்து வண்டி திணறும். எங்கே நிறுத்தி ஸ்குரூவை எவ்வளவு திருப்புவது என்பது அங்கத்தைய ஓட்டிகளுக்குக் கைமனப்பாடம்.

புதுச்சேரி அரசுக்கு உட்பட்ட காரைக்காலில் இருந்து பேரணி கிளப்புவது தனிக் கலை. எந்தப் பக்கம் போனாலும் சில மைலில் தமிழ்நாடு வந்துவிடும். வடக்கே மயிலாடுதுறை மாவட்டம், தெற்கே நாகப்பட்டினம் மாவட்டம். இரண்டு அரசின் காவல் நிலையங்களுக்கும் கடிதம் கொடுக்க வேண்டும். வெளியூர்ப் பையன்களை இங்கே கூப்பிட்டால், மதுப் பாட்டிலுக்குத்தான் வருகிறார்கள் என்ற பேச்சு எழும். அது முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது. ஆகவே கிளம்பும் கூட்டத்தில் நாங்கள் சில விதிகள் வைத்திருக்கிறோம். குடித்தவன் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். வேகத்தைத் தீர்மானிப்பது மிகப் பழைய வண்டி. முன்னே ஒருவர், கடைசியில் ஒருவர். கடைசி வண்டியைத் தாண்டி யாரும் பின்தங்கக் கூடாது. 60 கிலோமீட்டருக்கு ஒரு நிறுத்தம். கிளட்ச் கேபிள், பிளக், பாயின்ட் செட், செயின் லாக், டியூப் ஆகியவை ஒவ்வொருவர் பையிலும் இருக்க வேண்டும்.

பட்டியலில் கடைசியாகச் சொன்ன பையைப் பார்த்துத்தான் அந்த யாழ்ப்பாணத்துப் பெரியவர் சிரித்தார். "எல்லாச் சாமானும் கொண்டு போறியள், பூட்டத் தெரிஞ்ச ஆளையும் கொண்டு போறியளோ?" என்று கேட்டார். அந்தமுறை நாங்கள் பதினெட்டுப் பேர் கிளம்பியிருந்தோம், அதில் பாயின்ட் வைக்கத் தெரிந்தவர்கள் மூன்று பேர்.

அவர் கேட்டதற்குப் பிறகு எங்கள் பேரணியை மாற்றிக்கொண்டோம். இப்போது போகும் தூரத்தில் பாதியைக் குறைத்துவிட்டோம். மதியச் சாப்பாட்டுக்குப்பின் மரத்தடியில் தார்ப்பாய் விரித்து, ஒரு வண்டியின் கார்புரேட்டரைக் கழற்றுகிறோம். மெக்கானிக் பாய் நாற்காலியில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறார், கைவைப்பது பையன்கள். சாமான் எப்போதும் கிடைத்துக்கொண்டிருக்கும் என்பதற்கு உத்தரவாதம் எதுவும் இல்லை. மைசூரில் ஒரு தொழிற்சாலை மூடியதைப் பார்த்திருக்கிறோம், அக்கரையில் ஒரு தலைமுறை சாமானே இல்லாமல் ஓட்டியதையும் பார்த்திருக்கிறோம்.

நாகப்பட்டினம் கப்பல் பயணிகளையும் அவர்கள் மூட்டைகளையும்தான் ஏற்றுகிறது, வண்டியை ஏற்றாது. இப்போதைக்கு அது போதும். அடுத்த பேரணிக்கு ஸ்டிக்கரும் டீசர்ட்டும் அடிக்கத் திரட்டும் பணத்தில், அக்கரையில் இருந்து ஒரு கராஜ்காரருக்குப் போக வர டிக்கெட் எடுங்கள். திரும்பிப் போகும்போது அவர் கையில் ஒரு பை உதிரிபாகம் கொடுத்தனுப்புங்கள்.