வீட்டு அத்திக்குக் கைமருந்து

ஆலும் அரசும் பிறந்த அத்திக் குலத்திலேயே பிறந்த ரப்பர் செடி, அஸ்ஸாமின் காடுகளில் வானளாவ ஓங்கும் சுபாவமுடையதாயினும், இன்று நகரத்து வீடுகளின் கூடத்து மூலையில் ஒரு தொட்டிக்குள் அடங்கி வாழ்கிறது. அதன் இலைக்காம்பின் கவட்டில் வெள்ளைப் பஞ்சுபோல மாவுப்பூச்சி தென்பட்டவுடன், சோப்பும் வேப்பெண்ணெயும் கொண்டு வீட்டிலேயே சிகிச்சை செய்யும் வழக்கமும் கூடவே பரவியிருக்கிறது. இவ்வழக்கத்தை நான் மனமார ஆதரிக்கிறேன். ஆயினும், வீட்டுப் பொருள் என்பதனாலேயே அது தீங்கற்றது என்றும், ஒருமுறை தெளித்தால் போதும் என்றும் நிலவும் நம்பிக்கைகள் இந்த நல்ல வழக்கத்தைக் கெடுத்துவிடுகின்றன என்பது என் அபிப்பிராயம்.

திறந்த வெளியில் இப்பூச்சிகளுக்குச் சத்துருக்கள் உண்டு. 2008-இல் கோயம்புத்தூரில் கண்டறியப்பட்டுப் பின்னர் பப்பாளி, மல்பெரி, மரவள்ளித் தோட்டங்களைப் பாழாக்கிய பப்பாளி மாவுப்பூச்சியை, 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து தருவித்து விடப்பட்ட சிறு ஒட்டுண்ணிக் குளவிகள் அடக்கியதை நம் விவசாயிகள் பிரத்தியட்சமாகக் கண்டார்கள். நான்கு சுவர்களுக்குள் அத்தகைய குளவியும் இல்லை, பொறிவண்டும் இல்லை, இலையைக் கழுவிவிடும் மழையும் இல்லை. ஆகவே அவற்றின் வேலை முழுவதையும் மனிதனின் கையே ஏற்க வேண்டியிருக்கிறது.

சோப்புக் கரைசலின் விசேஷம், அது பூச்சியின் மேனியை நேரே தாக்கி உலரச் செய்வது. தோஷமும் அதிலேயே அடங்கியிருக்கிறது, ஏனெனில் ஈரம் காய்ந்த கணமே அதன் சக்தி ஒழிகிறது. பஞ்சுப் பைக்குள் நூற்றுக்கணக்கில் பொதிந்து கிடக்கும் முட்டைகளையும், ஓட்டுக்குள் ஒடுங்கிய முதிர்ந்த செதில் பூச்சியையும் அது பெரும்பாலும் எட்டுவதில்லை. முட்டையிலிருந்து வெளிப்பட்டு ஊர்ந்து திரியும் இளங்குஞ்சுகளே எளிதில் பலியாகின்றன. ஆதலால் வாரம் ஒருமுறையாக மூன்று நான்கு வாரம் தொடராத பிரயோகம் வீண். ஆழ்குழாய்க் கிணற்று உப்புநீரில் சோப்பு திரிந்து போவதையும், பாத்திரம் துலக்கும் திரவம் சோப்பு அல்லாத டிடர்ஜென்ட் ஆதலால் இலையின் மெழுகுப் பூச்சைக் கெடுத்து ஓரங்களைக் கருக்கக்கூடும் என்பதையும் பலர் கவனிப்பதில்லை.

வேம்பின் பெருமை நமக்குப் புதிதன்று. 1959-இல் சூடானில் வெட்டுக்கிளிக் கூட்டம் பசுமையனைத்தையும் தின்று தீர்த்தபோது வேப்பமரங்கள் மட்டும் தீண்டப்படாமல் நின்றதைக் கண்ட ஜெர்மானிய அறிஞர் ஹைன்ரிச் ஷ்மூட்டரர், தம் ஆராய்ச்சியால் உலகத்தின் கண்களை அதன்மீது திருப்பினார். வேப்பங்கொட்டையின் பருப்பில் உள்ள அசாடிராக்டின் பூச்சியின் பசியைக் கெடுத்து, தோலுரிப்பைத் தடுத்து, மெல்ல மெல்ல வேலை செய்வதாகையால், மறுநாளே பிணங்களைத் தேடுபவர் ஏமாற்றமடைவர். லிட்டர் நீருக்கு 5 மில்லி எண்ணெயைச் சிறிது சோப்போடு நன்கு கலந்து மாலையில் தெளிப்பது முறை. சோப்பின்றித் தெளித்தால் எண்ணெய் மேலே மிதந்து, சில இலைகளில் வெறும் நீரும் சில இலைகளில் வெறும் எண்ணெயும் விழும். மூடிய அறையில் அதன் நெடி இரண்டு நாள் தங்குவது மெய்யான குறை.

பூண்டு, மிளகாய்க் கரைசல்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அவை கண்ணையும் தொண்டையையும் எரிப்பது நிச்சயம், பூச்சி மடிவது சந்தேகம். புகையிலைக் கஷாயத்தையோ நான் வன்மையாகக் கண்டிக்கிறேன். அதிலுள்ள நிக்கோட்டின் மனிதத் தோலின் வழியாகவும் உடம்பில் ஏறும் விஷம். குழந்தைகள் தவழும் கூடத்தில், வீட்டு மருந்து என்ற பெயரால் அதைத் தெளிப்பது அனர்த்தம்.

மருந்தைக் காட்டிலும் முக்கியமானது நோயை அறிவது. அத்தி இனங்கள் சிலவற்றின் இலைகளில் இயல்பாகவே வெண்புள்ளிகள் உண்டு. நகத்தால் வருடினால் மாவுப்பூச்சி பிசுபிசுத்து நசுங்கும், இயற்கைப் புள்ளி அசையாது. இடம் மாற்றியதற்காகவே இலை உதிர்க்கும் பெஞ்சமினா அத்திக்கு, பூச்சியே இல்லாதபோது எண்ணெய் பூசி மேலும் வருத்துவோர் உண்டு. இலையின் கீழே ஒரு வெள்ளைக் காகிதத்தைப் பிடித்துத் தட்டும்போது அதன்மீது நகரும் மிகச் சிறு புள்ளிகள் விழுந்தால் செஞ்சிலந்தி என ஐயுறலாம். அதற்குக் குழாயடியில் இலையின் அடிப்புறத்தைப் பீய்ச்சிக் கழுவுவதே முதல் சிகிச்சை.

கவட்டுகளில் ஒளிந்த மாவுப்பூச்சியைச் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் ஒவ்வொன்றாக ஒற்றி எடுப்பதும், செதில்களைப் பழைய பல் துலக்கியால் தேய்த்து நீக்குவதும், தெளிப்பைவிடப் பெரும்பலன் தருபவை என்பது என் அனுபவம். இவ்வளவு செய்தும் செடி தேறாவிட்டால், தொட்டியைக் கவிழ்த்து வேர்களைப் பார்க்க வேண்டும். அங்கே வெண்மாவு படிந்திருந்தால் அது வேர் மாவுப்பூச்சி, இலையில் தெளித்த எந்த மருந்தும் அதை எட்டாது, வேரை அலசிப் பழைய மண்ணைக் கொட்டிவிட்டுப் புதுமண்ணில் நடுவதே உபாயம்.