தை மாதக் கவாத்து

முல்லைக்குத் தை பாதியில் கவாத்து. தரையிலிருந்து ஏறத்தாழ 45 செ.மீ. விட்டு மிச்சத்தைக் கழித்துவிடுவார்கள். வேலை தெரிந்தவர் கை தயங்காது. வீட்டில் செடி வளர்க்கும் நாமோ நுனியைக் கிள்ளிவிட்டுத் திருப்திப்படுவோம். அது கவாத்தே இல்லை.

கணுவுக்குச் சற்று மேலே, சாய்வாக ஒரே வெட்டு. வெட்டுவாயில் பட்டையை ஒட்டி மெல்லிய பச்சை வளையம் தெரிந்தால் கிளைக்கு உயிர் இருக்கிறது; முழுக்கப் பழுப்பென்றால் இன்னும் கீழே போக வேண்டும். காய்ந்த குச்சி, உரசும் கொடி எல்லாம் போனபின் செடி மொட்டையாக நிற்கும், பார்க்கவே பாவமாக. ஆனால் பூ வருவது புதுத்தளிரில்தான். பழங்கொம்பை வைத்துக்கொண்டு என்ன செய்ய? அப்புறம் தூரைக் கொத்தி, மக்கிய தொழுவுரம் போட்டு, ஒரு தண்ணீர். குண்டுமல்லிக்கு இதெல்லாம் கார்த்திகையிலேயே முடிந்திருக்கும்.