சான்று கிடைத்தது, பழக்கம் மாறியதா?

ஆர்ச்சி காக்ரேன் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் 1972இல் எழுதிய ‘எஃபெக்டிவ்னஸ் அண்ட் எஃபிஷியன்சி’ என்னும் சிறு நூலை மருத்துவத் துறையினர் இன்றும் போற்றுகின்றனர். பயன் தரும் சிகிச்சை எது, அதை வீண் செலவின்றி அளிப்பது எப்படி என்பதே நூலின் பொருள்.

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரிடம் சிறைப்பட்ட காக்ரேன், கிரீஸ் நாட்டின் சலோனிக்கா முகாமில் சுமார் 20,000 கைதிகளுக்கு மருத்துவம் பார்த்தார். உணவு அற்பம், மருந்தென்று சொல்ல ஆஸ்பிரினும் இன்னும் ஓரிரண்டுமே. தொண்டை அடைப்பானும் டைபாய்டும் காமாலையும் பரவின. நூற்றுக்கணக்கானோர் மடிவர் என்று அவர் அஞ்சினார். இறந்தவர் நால்வர், அவருள் மூவர் துப்பாக்கிக் குண்டு பட்டவர்கள்! நம் மருந்தால் பிழைத்ததாக நாம் எண்ணும் நோயாளி தானாகவே பிழைத்திருக்கலாம் அல்லவா? ஆகவே நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கியதுபோல் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மட்டும் சிகிச்சை தந்து ஒப்பிட வேண்டும் என்கிறார். இந்த வாதத்தில் ஓட்டை காண்பது கடினம். நடையில் நல்ல எள்ளலும் உண்டு.

என் குறை வேறு. சான்று கிடைத்த பின் மருத்துவரின் கை எப்படி மாறும்? இதைப்பற்றி நூல் மிகக் குறைவாகவே பேசுகிறது. நல்ல சான்று தன் வழியைத் தானே தேடிக்கொள்ளும் என்று ஆசிரியர் நம்பினார் போலும். பௌதிகம் கற்பிக்கும் எங்களுக்கு அந்த நம்பிக்கை வராது. வெர்னியர் அளவியைப்பற்றிப் பிழையின்றித் தேர்வெழுதும் மாணவன், அளவியைக் கையில் கொடுத்தால் சுழிப் பிழையைப் பார்க்க மறந்துவிடுகிறான்.

ஓர் உதாரணத்தைப் பாருங்கள். நூல் வெளிவந்த அதே 1972இல் நியூசிலாந்தின் லிக்கின்ஸ், ஹோவி இருவரும் 282 தாய்மாரிடம் நடத்திய சோதனையின் முடிவை வெளியிட்டனர். குறைமாதத்தில் வலி கண்ட தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் குழந்தையின் நுரையீரல் விரைவில் முதிர்கிறது. தானாக வலி கண்டவர்களில், ஊசி பெறாதோரின் குழந்தைகள் 100க்கு 15 இறந்தன; பெற்றோரின் குழந்தைகள் 100க்கு 3 மட்டுமே. காக்ரேன் கேட்ட வகைச் சான்றுதான் இது. ஆயினும் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் குழு இதைப் பரிந்துரைக்க 1994 ஆயிற்று.

பரிந்துரை வந்ததும் 27 அமெரிக்க மருத்துவமனைகளில் ஒரு சோதனை செய்தார்கள். அதன் முடிவு 1999இல் வெளியாயிற்று. சில மருத்துவமனைகளுக்கு வழக்கமான அறிவிப்பு மட்டும் போயிற்று. மற்றவற்றில் மதிப்புள்ள உள்ளூர் மருத்துவர் ஒருவர் முன்நின்றார். நோயாளியின் ஏட்டிலேயே நினைவூட்டுக் குறிப்பு வைத்தனர். மாதிரி நோயாளிகளைப்பற்றிக் குழுவாக விவாதித்தனர். எத்தனை பேருக்கு ஊசி போட்டோம் என்ற கணக்கை மருத்துவர்களுக்கே திருப்பிக் காட்டினர். முதல் பிரிவில் உபயோகம் 33 சதவீதத்திலிருந்து 58 ஆயிற்று. இரண்டாவதில் 33இலிருந்து 68. அறிவிப்பே பாதி வேலையைச் செய்துவிட்டதே என்பீர்கள். மெய்தான். ஆனால் மிச்சமுள்ள 10 சதவீதம் தாய்மாருக்கு ஊசியைக் கொண்டு சேர்த்தது பயிற்சி.

பயிற்சி என்றால் ‘ஊசி போடு’ என்று பழக்குவதுதானா? பெல்காம், நாகபுரி வட்டாரங்கள் உட்பட ஆறு நாடுகளில் கிராமப்புறச் சுகாதார ஊழியர்களுக்கு இந்த ஊசியில் பயிற்சி தந்தார்கள். 2015இல் வந்த முடிவு திகைக்க வைத்தது. பயிற்சி நடந்த பகுதிகளில் 1000 பிறப்புக்கு 27 பச்சிளங் குழந்தைகள் இறந்தன. மற்றப் பகுதிகளில் 24. ஊசி பெற்ற தாய்மாரில் பெரும்பாலோருக்குப் பிறந்தவை மிகச் சிறிய குழந்தைகள் அல்ல. மருந்தைக் கற்றவர்களுக்கு, அது எந்தத் தாய்க்கு உரியது என்று கணிக்கும் வசதி கிட்டவில்லை.

உலக சுகாதார நிறுவனம் இந்தியா உட்பட ஐந்து நாடுகளின் மருத்துவமனைகளில் நடத்திய சோதனையின் முடிவு 2020இல் வந்தது. அங்கே கருவின் வயதை ஸ்கேன் மூலம் உறுதி செய்துகொண்டே ஊசி போட்டனர். பிறந்தபின் குழந்தையைப் பேணவும் வசதி இருந்தது. இறப்பு 100க்கு 23.5இலிருந்து 19.6 ஆகக் குறைந்தது. காக்ரேனின் நூலை வகுப்பில் வைக்கும் ஆசிரியர்கள் இந்த இரு முடிவுகளையும் மாணவர் முன் வைத்து, ஏன் இந்த வேறுபாடு என்று கேட்கலாம்.