படுத்தபின் தெரிந்த தங்கை

யமாதா நாவோகோ இயக்கிய ‘கே-ஆன்!’ (2009–2010) என்னும் ஜப்பானியச் சித்திரத் தொடரில், பெற்றோர் அடிக்கடி வெளியூர் சென்றுவிடும் வீட்டைத் தங்கை உயிதான் பேணுகிறாள். அவள் சமைக்கிறாள், அக்காள் யுயி கித்தார் வாசிக்கிறாள். பெத்தானியாவின் மார்த்தாவாவது ஆண்டவரிடம் முறையிட்டார். உயி முறையிடுவதே இல்லை.

இங்கேதான் நமக்கு ஐயம் எழுகிறது. அவளது சோர்வையோ, அவளுக்கென்ற விருப்பத்தையோ கதை அரிதாகவே காட்டுகிறது. பணிவிடையை அவளது இயல்பென்று கடந்துவிடுகிறது.

எனினும் இரண்டாம் பருவத்தில் உயி சளிபிடித்துப் படுக்கிறாள். அவளைக் கவனித்த யுயி, தங்கையை எண்ணிப் பாடல் எழுதி, பள்ளி விழாவில் பாடுகிறாள். தொடரின் உயர்ந்த இடம் அதுவே.

நம் இல்லங்களில் உழைக்கும் கைகளுக்கு நன்றி சொல்ல, அவை ஓயும்வரை காத்திருக்க வேண்டுமா?