ஆடி அமாவாசைக்குக் காரையாறு வாங்க!

உலகத்தில் எங்கெங்கோ இசை விழா நடக்கிறது, நடக்கட்டும். ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் ஒரு பகல் முழுக்க மேளத்துக்கு முன்னால் நின்றவனிடம் வந்து அதையெல்லாம் சொல்லாதீர்கள், காதில் ஏறாது. என் காதுக்குள் இன்னும் தவில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. ஊருக்குத் திரும்பிய பிறகு பல் தேய்க்கும்போதுகூட கால் தாளம் போடுகிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

நெல்லையிலிருந்து கிளம்பும்போதே நெஞ்சு துள்ள ஆரம்பித்துவிட்டது. பத்தமடை, சேரன்மகாதேவி தாண்டிக் காருகுறிச்சி வந்ததும் ஜன்னல் வழியாகக் கைகூப்பினேன். பின்னே? காருகுறிச்சி அருணாசலம் பிறந்த மண் அல்லவா! 1962இல் வந்த 'கொஞ்சும் சலங்கை'யில் எஸ். ஜானகியின் குரலோடு போட்டிபோட்ட நாதஸ்வரம் அவருடையதுதான். 1964இல், நாற்பத்துச் சொச்சம் வயதிலேயே போய்விட்டார். இப்படி ஒரு வாசிப்பு பிறக்க இந்தத் தாமிரபரணித் தண்ணீரில் ஏதோ இருக்கிறது, நான் சத்தியமாக நம்புகிறேன்.

விழா நாட்களில் சொந்த வண்டியை மலைக்கு மேலே விடுவதில்லை. அகஸ்தியர்பட்டியில் நிறுத்திவிட்டு அரசுப் பேருந்தில்தான் ஏற வேண்டும். எனக்கு அதுவே அதிர்ஷ்டம். உட்கார்ந்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு மேளக்காரர். "அண்ணாச்சி, இத கொஞ்சம் மடில வச்சிக்கிடுதியளா?" என்று தவிலை என் மடியில் ஏற்றிவிட்டார். பலாமரக் கட்டை, நல்ல கனம். பஸ் வளைவில் குலுங்கும்போதெல்லாம் அது லேசாக 'தும்' என்கிறது, அந்த அதிர்வு என் தொடை வழியாக ஏறி வயிற்றுக்குள் போகிறது. காரையாறு வரும்வரை மடியைவிட்டு இறக்கவே மனசு வரவில்லை!

இறங்கியதும் பாருங்கள், காடு முழுக்க மேளம். முண்டந்துறைக் காடு, ஆடிச் சாரல், கோயிலை ஒட்டி ஓடும் ஆறு, குளித்த ஈரத்தோடு ஏறிவரும் சனம், பொங்கல் அடுப்புப் புகை. நடுவில் அங்கொன்றும் இங்கொன்றுமாக நையாண்டி மேளம்! குடும்பம் குடும்பமாகக் குடில் போட்டிருக்கிறார்கள், தங்கள் மேளத்தைக் கையோடு கூட்டி வருகிறார்கள். ஒரு பக்கம் நாதஸ்வரம் ஏதோ சினிமாப் பாட்டை இழுக்க, மறுபக்கம் பம்பை படபடக்க, அதற்கும் அந்தாண்டை வில்லுப்பாட்டில் முத்துப்பட்டன் கதை. எதைக் கேட்பது, எதை விடுவது? திருவிழாவில் தொலைந்த பிள்ளை மாதிரி நான் சத்தம் வந்த திசையெல்லாம் ஓடினேன்.

ஒரு மேளக்காரர் ஆயத்தமாவதைக் கிட்டத்தில் நின்று பார்த்தேன். தவிலின் இரும்பு வளையத்தில் இருக்கும் நட்டுகளை ஸ்பேனரால் ஒவ்வொன்றாக முடுக்குகிறார், தட்டிப் பார்க்கிறார், காதைச் சாய்க்கிறார், இன்னும் அரைத் திருகு. வலது கை விரல்களில் கெட்டியான கூடுகளை மாட்டிக்கொள்கிறார், இடது கையில் பூவரசங்கம்பு. பக்கத்தில் நாதஸ்வரக்காரர் சீவாளியை வாயில் வைத்து ஈரமாக்கி 'பீ'யென்று ஒரு தடவை ஊதிப் பார்க்கிறார். அந்த ஒற்றை 'பீ'க்கே எனக்கு மயிர்க்கூச்செறிந்துவிட்டது!

அப்புறம் சங்கிலி பூதத்தார் சன்னதிக்கு முன்னால் நடந்ததை எப்படிச் சொல்ல! கற்பனை பண்ணிக்கொள்ளுங்கள்: முதலில் மெதுவாகத்தான் போகிறது, தகிட தகிட என்று நடைபோடுகிற மாதிரி, உறுமிக்காரர் வளைந்த குச்சியால் தோலைத் தேய்க்கத் தேய்க்க அடிவயிற்றிலிருந்து ஒரு முனகல் கிளம்புகிறது, ஜால்ரா விடாமல் சிலிர்க்கிறது, சாமியாடி ஒருவர் கண்ணை மூடி நிற்கிறார், தவில்காரர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு ஒரு படி ஏற்றுகிறார், இன்னொரு படி, பம்பை சேர்ந்துகொள்கிறது, நாதஸ்வரம் இரண்டும் உச்சியில் போய் நின்றுகொண்டு இறங்கவே மாட்டேன் என்கின்றன, பெண்கள் குலவையிடுகிறார்கள், சட்டென்று சாமியாடிக்கு அருள் வந்து இரும்புச் சங்கிலியை எடுத்து மார்பில் அடிக்க அடிக்கத் தவில் அந்த அடிக்குச் சரியாக விழுகிறது, ஒரு இம்மி பிசகவில்லை ஐயா, ஒரு இம்மி! நான் ஆடினேன். பக்கத்தில் நின்ற ஆச்சி ஆடினாள், அவள் பேரன் ஆடினான், யாரென்றே தெரியாத ஒருவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு ஆடினார், கண்ணில் தண்ணீர் வழிய வழிய நான் கத்திக்கொண்டிருந்தேன், என்ன கத்தினேன் என்று கேட்காதீர்கள், தெரியாது!

அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸ் தெருக்களில் டிரம்பெட், டிராம்போன், டியூபா எல்லாம் ஊதியபடி பித்தளை பேண்டுகள் நடக்க, பின்னால் சனம் ஆடிக்கொண்டே போகும். செகண்ட் லைன் என்பார்கள். ஃபங்க் இசையில் ஜேம்ஸ் பிரௌன் முதல் தட்டில் போடுகிற அழுத்தத்துக்கு உடம்பு தானாக எழும். இரண்டையும் பதிவில் ஆசை ஆசையாகக் கேட்டவன் நான். அந்த இரண்டு சந்தோஷமும் ஒன்றாக, காட்டுக்குள், ஆற்றங்கரையில், ஒலிபெருக்கியே தேவைப்படாத சத்தத்தில் எனக்கு எதிரே நின்றது! இதே கோயிலில் பட்டவராயர் சன்னதியில் பக்தர்கள் செருப்பைக் காணிக்கையாகக் கட்டுவார்கள், சாமி போட்டு நடப்பதால் அது தேய்ந்துவிடும் என்பது நம்பிக்கை. நடந்தா தேய்கிறது? இந்த மேளத்துக்கு அவரும் ஆடியிருப்பார்!

கூட்டம் நெரியும், சாரலில் நனைவீர்கள், போகட்டும். குளிக்கிறவர்கள் பழைய துணியை ஆற்றில் விடுவதை மட்டும் நிறுத்தினால் எவ்வளவோ நல்லது.

மேளக்காரர்களுக்குக் கோயில் கொடை சீசன்தான் பிழைப்பு, மிச்ச மாதங்களில் கை காய்ந்துவிடும். அதனால் வருகிற ஆடி அமாவாசைக்குக் கட்டாயம் வாங்க, தவிலுக்குப் பக்கத்தில் போய் நில்லுங்க, ஆடுங்க. ஆடி முடித்ததும் ஒரு ஐந்நூறு ரூபாயை மடித்து மேளக்காரர் சட்டைப் பையில் வைத்துவிட்டு வாங்க.