வாதைகளும் பார்வோனும்: அறிவியல் புதினங்களில் ஒரு திருமறைப் படிமம்

அறிவியல் புதினம் எழுதுவோர் திருமறையிலிருந்து எடுத்தாளும் படிமங்களுள் எகிப்தின் பத்து வாதைகளுக்குத் தனியிடம் உண்டு. இரத்தமாக மாறும் நதி, பயிரை அழிக்கும் வெட்டுக்கிளி, மூன்று நாள் இருள், தலைச்சன்களின் சாவு ஆகியவை வேற்றுக்கோளினரின் படையெடுப்பிற்கும் ஆய்வுக்கூடத்தில் பிறந்த கிருமிக்கும் எளிதில் பொருந்துகின்றன. ஆயினும் பொருந்துவன யாவும் பொருளுடையன ஆகுமா?

யாத்திராகமம் 7 முதல் 12 வரையுள்ள அதிகாரங்களில் வாதை வெறும் பேரழிவன்று. செங்கல் அறுக்கும் அடிமைகளை விடுவிக்குமாறு ஓர் அரசனிடம் வைக்கப்பட்ட கோரிக்கை மறுக்கப்பட்டபோது வந்த மறுமொழி அது. கோரிக்கையை நீக்கிவிட்டு வாதையை மட்டும் எடுத்துக்கொள்ளும் புதினம் அச்சத்தை ஊட்டலாம், நியாயத்தீர்ப்பை உணர்த்தாது.

எச். ஜி. வெல்ஸ் 1898இல் நூலாக வெளியிட்ட 'உலகங்களின் போர்' இதற்கு நல்ல சான்று. செவ்வாய்க் கோளினர் இங்கிலாந்தை அழிக்கையில், உதவிக்குரு ஒருவர் அவர்களைக் கடவுளின் தண்டனைத் தூதர்களாகக் கண்டு புலம்புகிறார். ஆசிரியர் அவரைக் கோழையாகவும் பெருந்தீனிக்காரராகவும் வரைந்திருப்பதால் வாசகர் அவரை வெறுத்து ஒதுக்குவது இயல்பே. ஆனால் இடிந்த வீட்டில் ஒளிந்திருக்கையில், சித்தம் கலங்கிய நிலையில், அவர் வாயிலிருந்து வேறொரு சொல் பிறக்கிறது. ஏழைகள் மிதிக்கப்பட்டபோது தாம் வாய்திறவாது இருந்ததையும், கேட்போருக்கு இனிப்பதையே போதித்ததையும் அவர் அறிக்கையிடுகிறார். அதுவரை பிறருடைய பாவத்திற்கு வந்ததாகத் தோன்றிய வாதை, அப்பொழுதுதான் அவரை நோக்கித் திரும்புகிறது. திருச்சபையை எள்ளி நகையாடிய எழுத்தாளரே யாத்திராகமத்தின் உட்கருத்தைத் தொட்டுவிட்டார் எனலாம். அந்த அறிக்கை காலங்கடந்து வந்தது என்பதே அதன் அவலம்.

தமிழிலோ நிலை வேறு. ஆனந்த விகடனில் தொடராக வந்த சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வில் ஜீவா என்னும் ஆட்சியாளர் உண்டு. குழந்தை பெறவும் அரசின் அனுமதி வேண்டும். எபிரெய ஆண்மகவுகளைக் கொல்லச் சொன்ன பார்வோனை அறிந்தவர்க்கு இவ்வுலகம் புதிதன்று. வாதை ஒன்றும் வராவிடினும் பார்வோன் இருக்கிறான். பார்வோனற்ற வாதைக் கதைகளினும் இது திருமறைக்கு நெருங்கியது என்பது என் கருத்து.

இது தொலைவிலுள்ள இலக்கியச் சிக்கல் மட்டுமன்று. கருநாடக எல்லையை ஒட்டிய ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதியில் வாதைப் படிமங்கள் கண்முன்னே கிடக்கின்றன. 2020 மே மாத இறுதியில், கொள்ளைநோய் அச்சத்தினூடே, வேப்பனப்பள்ளியை அடுத்த நேரலகிரியில் எருக்கஞ்செடிகளை மொய்த்த பூச்சிகளைக் கண்டு மக்கள் கலங்கினர். அவை பாலைவன வெட்டுக்கிளிகள் அல்ல, உள்ளூர்ப் பூச்சிகளே என வேளாண் துறையினர் தெளிவுபடுத்தினர். அங்கே வாதை இல்லை. வாதையைப் பற்றிய அச்சமே இருந்தது.

தென்பெண்ணையின் நிலை அவ்வாறன்று. நந்தி மலையில் தோன்றும் அவ்வாறு பெங்களூரின் கழிவுநீரையும் ஆலைக்கழிவையும் சுமந்து கெலவரப்பள்ளி அணையை அடைகிறது. அணையிலிருந்து வெளியேறும் நீர் வெண்ணுரையாய்ப் பொங்குவது பலமுறை கண்ட காட்சி. அறிவியல் புதினம் எழுத விழையும் இளைஞர் இந்நுரையை முதல் வாதையாக்க எண்ணக்கூடும். எண்ணட்டும். ஆனால் யாத்திராகமம் 7:23, 24 வசனங்களை அவர் சேர்த்தே வாசிக்க வேண்டும். நதி கெட்டபின் பார்வோன் தன் வீட்டிற்குத் திரும்பிவிடுகிறான். குடிநீருக்காக ஆற்றோரம் தோண்டுகிறவர்கள் குடிமக்களே. நுரையைக் கடவுளின் கோபம் என எழுதினால், அந்நீரைப் பாய்ச்சும் உழவன் குற்றவாளியாகிறான். கழிவை விடுத்தவனோ வீட்டிற்குள் இளைப்பாறுகிறான்.

ஆகவே வாதைப் படிமத்தைக் கையாளும் புதினத்திடம் நாம் கேட்க வேண்டியவை மூன்று: பார்வோன் யார்? அவனிடம் வைக்கப்பட்ட கோரிக்கை யாது? ஆற்றோரம் தோண்டுகிறவர் யார்? இவற்றிற்கு விடையில்லாத நூல், எத்துணை விறுவிறுப்பாயினும், திருமறையின் வண்ணத்தை மட்டுமே கடன் வாங்கியதாகும்.

இம்மூன்று கேள்விகளும் புதினத்திற்கு மட்டும் உரியனவல்ல. 2020க்குப் பின் வாதைகளைக் குறித்து நாம் ஆற்றிய அருளுரைகளுக்கும் உரியன. வெல்ஸின் உதவிக்குரு காலங்கடந்து கண்டதை நாம் காலத்தே காண்போமாக.